நீங்காத கணைக்கால் வலி: ஓய்வா, ஓட்டமா?

ஓடுபவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே வரும் காயங்களில் இரண்டு மட்டும் எளிதில் விட்டுப்போவதில்லை. ஒன்று, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் வரும் வலி. மற்றொன்று, ஒருமுறை பிசகிய கணுக்கால் திரும்பத் திரும்பப் பிசகுவது. இரண்டும் சில நாள் அடங்கியிருக்கும், ஓட ஆரம்பித்ததும் திரும்பிவரும். அந்தக் காலுக்கு ஓய்வு கொடுப்பதா, அளவோடு வேலை கொடுப்பதா என்ற கேள்விக்கு மருத்துவம் ஒன்றரை நூற்றாண்டாக விடை தேடிவருகிறது. விடைகள் பல வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மையும் ஒரு குறையும் இருக்கின்றன.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையில் இந்தக் கேள்வி தனிக் கனம் பெறுகிறது. இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் சிப்காட் வளாகங்களில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைப்பேசி எனப் பலவும் உற்பத்தியாகின்றன. பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் இங்கே ஷிஃப்ட் முறையில் வேலை செய்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதி மட்டுமே 18,720 பேர் தங்கும் அளவு கொண்டது. இந்த வட்டாரத்தில் ஓடுபவர்கள் பல வகை. காவலர் தேர்வின் ‘ஃபிசிக்கல்’ சுற்றுக்காகவும் ராணுவ ஆள்சேர்ப்புக்காகவும் கிரவுண்டில் ரவுண்டு அடிப்பவர்கள் உண்டு, ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானைக் குறிவைப்பவர்கள் உண்டு, உடல்நலத்துக்காக ஓடுபவர்களும் உண்டு. அவர்களில் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களின் கால் ஓடும் நேரத்தில் மட்டும் உழைப்பதில்லை. அதற்கு முன்னோ பின்னோ எட்டு மணி நேரம் சிமென்ட் தளத்திலும் நிற்கிறது.

வலி ஒன்று, காரணம் பல

விடைகள் முரண்படுவதற்கு முதல் காரணம், வெவ்வேறு காயங்கள் ஒரே பெயரில் அழைக்கப்படுவது. கிரவுண்டில் ‘ஷின் பெயின்’ என்று சொல்லப்படுவதற்குள் குறைந்தது மூன்று நிலைகள் இருக்கின்றன.

முதலாவது, உள்விளிம்பு வலி. கணைக்கால் எலும்பின் உட்புற ஓரத்தில், கீழ்ப்பாதியை ஒட்டி, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத நீளத்தில் இது பரவியிருக்கும். ஓடத் தொடங்கும்போது வலித்து, உடல் சூடானதும் தணிந்து, ஓடி முடித்தபின் மீண்டும் தலைகாட்டும். இரண்டாவது, ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் எனப்படும் நுண்முறிவு. இதன் வலி ஒரே புள்ளியில் குவிந்திருக்கும், ஒற்றைக் காலில் குதித்தால் சுரீரென்று குத்தும், முற்றிய நிலையில் படுத்திருக்கும்போதும் வலிக்கும். மூன்றாவது, தசையறை அழுத்தம். ஓடத் தொடங்கிக் குறிப்பிட்ட சில நிமிடங்களில் கால் கல்லாக இறுகும், பாதம் மரத்துப்போகும். நின்றுவிட்டால் சிறிது நேரத்தில் சரியாகிவிடும்.

இவற்றைப் பிரித்தறியும் முதல் சோதனைக்குக் கருவி தேவையில்லை. உட்கார்ந்து காலைத் தளரவிட்டு, கணுக்காலின் உள்முட்டுக்கு மேலிருந்து எலும்பு ஓரமாகவே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மேலே போக வேண்டும். கையகலத்துக்கு ஓரம் முழுதும் வலித்தால் அது பெரும்பாலும் உள்விளிம்பு வலி. ஒரு விரல்நுனி மட்டும் படும் இடத்தில் துடித்துப்போகும் வலி இருந்தால் நுண்முறிவைச் சந்தேகிக்க வேண்டும். நோயாளி சொல்லும் வரலாற்றையும் இத்தகைய தொட்டுப் பார்க்கும் பரிசோதனையையும் கொண்டே உள்விளிம்பு வலியை நம்பகமாக அடையாளம் காணலாம் என்று 2018-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். எக்ஸ்ரேக்கு ஓர் எல்லை உண்டு. நுண்முறிவு ஏற்பட்ட முதல் இரண்டு மூன்று வாரங்களில் எடுக்கும் படத்தில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற ஒரு சொல்லை நம்பி ஓட்டத்தைத் தொடர்வது ஆபத்தாக முடியலாம்.

கணுக்காலிலும் இதே சிக்கல் உண்டு. பாதம் உட்பக்கமாக மடங்கும்போது வெளிப்புற லிகமென்ட் நீள்வதோ கிழிவதோதான் வழக்கமான சுளுக்கு. ஆறு வாரம் கடந்தும் வலி தீரவில்லை என்றால் வேறு காரணங்களையும் தேட வேண்டும். மூட்டுக்குள் குருத்தெலும்பு அடிபட்டிருக்கலாம், வெளிப்புறத் தசைநாண் பாதிக்கப்பட்டிருக்கலாம், கணைக்கால் வெளியெலும்பின் கீழ்ப்பகுதியில் நுண்முறிவு இருக்கலாம். கடைசியாகச் சொன்னதை ‘சுளுக்கு’ என்று தவறாகக் கருதுவது எளிது. விளையாட்டு வீரர்களிடம் கண்ட இத்தகைய 50 முறிவுகளை 1956-லேயே டேவாஸ், ஸ்வீட்நாம் என்ற இரு பிரிட்டன் மருத்துவர்கள் தொகுத்து வெளியிட்டார்கள்.

இழுப்பா, வளைவா

உள்விளிம்பு வலி எதனால் வருகிறது என்பதில் இரண்டு கொள்கைகள் நெடுங்காலமாக எதிரெதிராக நிற்கின்றன.

இழுப்புக் கொள்கையின்படி, பாதம் தரையில் பட்டு உட்புறம் சாயும் ஒவ்வொரு முறையும் கெண்டைக்கால் தசைகள் எலும்பைப் போர்த்திய சவ்வான எலும்புறையைப் பிடித்து இழுக்கின்றன. ஆயிரக்கணக்கான இழுப்புகளில் எலும்புறை புண்படுகிறது. 1980-களில் இதற்கு ஆதரவு அதிகம் இருந்தது. தட்டைப் பாதம் உள்ளவர்களுக்கு வலி கூடுதலாக வருவதை இது நன்றாக விளக்கியது. ஆனால் வலி மிகுந்த இடமும் தசைகள் எலும்பில் பற்றும் இடமும் பல நேரங்களில் ஒன்றாக இல்லை என்பதை உடற்கூற்று ஆய்வுகள் சுட்டிக்காட்டின.

வளைவுக் கொள்கை எலும்பையே முதன்மையாகப் பார்க்கிறது. ஓடும்போது கணைக்கால் எலும்பு ஒவ்வொரு அடியிலும் மிக மிக நுண்ணிய அளவில் வளைந்து நிமிர்கிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது சோர்ந்துபோவதைப் போலவே எலும்பும் சோர்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு. எலும்பு உயிருள்ளது, சேதமான பகுதியை அரித்தெடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். அரிப்பு விரைவாக நடக்கும், கட்டுமானத்துக்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் வலுவிழந்திருக்கும். வலியுள்ள வீரர்களின் கணைக்கால் எலும்பில் அந்த இடத்தில் மட்டும் கனிம அடர்த்தி குறைந்திருந்ததை 2001-இல் சுவீடனின் மேக்னுசன் குழு கண்டது. குணமானபின் அடர்த்தி மீண்டதை அதே குழு 2003-இல் பதிவு செய்தது. வளைவுக் கொள்கைக்கு இது வலுவான சான்று.

உள்விளிம்பு வலி முற்றினால் நுண்முறிவாகும், இரண்டும் ஒரே பாதையின் இரு கட்டங்கள் என்ற கருத்தும் இங்கிருந்தே வலுப்பெற்றது. 1995-இல் ஃபிரெடரிக்சன் வகுத்த எம்ஆர்ஐ தரவரிசை, எலும்புறை வீக்கத்தில் தொடங்கி முறிவுக்கோட்டில் முடிகிறது. ஆனால் படம் மட்டுமே தீர்ப்புச் சொல்லிவிடாது. வலியே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த 21 கல்லூரி நெடுந்தூர ஓட்டக்காரர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், 43 விழுக்காட்டினரின் கணைக்கால் எலும்பில் அழுத்தத்தின் அடையாளம் தெரிந்தது. அவர்கள் ஓட்டத்தைத் தொடர்ந்தும் அதனால் பாதிப்பு வரவில்லை. இன்றைய கருத்து வளைவுக் கொள்கையின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றாலும் இழுப்பின் பங்கை முற்றாக மறுப்பவர்கள் குறைவு.

ஓய்வு சொன்ன தரப்பு

ஓய்வு என்ற விடை படைமுகாமில் பிறந்தது. 1855-இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைதாப்ட், நீண்ட அணிவகுப்புக்குப் பின் வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைக் குறித்துவைத்தார். எக்ஸ்ரே வந்த சில ஆண்டுகளில், அதாவது 1897-இல், அது எலும்பு முறிவு என்று தெரிந்தது. நடந்ததால் முறிந்த எலும்பை நடக்காமல் ஆற்றுவதே அன்றைய நேரடி முடிவாக இருந்தது.

இந்தத் தரப்புக்கு வலுவூட்டிய ஆய்வு 1974-இல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியிலிருந்து வந்தது. ஐஸ், வலிமருந்து, குதிகால் நீட்டல், மாவுக்கட்டு ஆகியவற்றை வெறும் ஓய்வோடு ஒப்பிட்டபோது எதுவும் ஓய்வை மிஞ்சவில்லை. 1978-இல் மருத்துவர் கேப் மிர்கின் ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரே சூத்திரமாக்கினார். அது உலகெங்கும் மைதானங்களுக்குப் பரவியது. ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார்.

ஓய்வின் பலம் நுண்முறிவில் தெளிவாகத் தெரிகிறது. எலும்பு கூடும்வரை அதன்மேல் ஓடக்கூடாது என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. அதிலும் கணைக்கால் எலும்பின் முன்விளிம்பில், நடுப்பகுதியில் வரும் முறிவு மிகவும் எச்சரிக்கைக்கு உரியது. ஓடும்போது பிளக்கும் இழுவிசை அந்தப் பக்கத்தில்தான் விழுகிறது. அது ஆறுவதற்கு மாதங்கள் ஆகும், கவனிக்காவிட்டால் எலும்பு முழுதாக முறியவும் கூடும்.

ஓய்வின் குறை உள்விளிம்பு வலியிலும் சுளுக்கிலும் வெளிப்படுகிறது. ஓய்வெடுத்தால் வலி போகும், ஆனால் காலின் தாங்கும் சக்தியும் கூடவே குறையும். ஒரு மாதம் படுத்திருந்து, வலி இல்லை என்றதும் பழைய வேகத்தில் பழைய தூரத்தை ஓடினால், முன்பைவிட வலுக்குறைந்த கால்மீது முன்பிருந்த அதே சுமை விழுகிறது. வலி திரும்புவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். காவலர் எழுத்துத் தேர்வுக்கான படிப்பில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, உடல்தகுதித் தேர்வுத் தேதி வந்ததும் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிக்கச் சில வாரங்களில் முழுவேகப் பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்கும் நடப்பது இதுதான். அவர்களுக்கு அந்த நீண்ட இடைவெளி காயத்தால் வந்ததல்ல. ஆனாலும் எலும்புக்கு அது ஒன்றுதான்.

சுமை சொன்ன தரப்பு

அளவான சுமையே மருந்து என்பது எதிர்த்தரப்பின் வாதம். எலும்பும் தசைநாணும் தம்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தம்மைக் கட்டிக்கொள்பவை, ஆகவே வலி எல்லைக்குள் இருக்கும்வரை படிப்படியாகச் சுமையைக் கூட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. படையில் சேருமுன் பல ஆண்டு கூடைப்பந்து ஆடியிருந்த இஸ்ரேலிய வீரர்களுக்கு நுண்முறிவு குறைவாக வந்ததை மில்க்ரோம் குழு கண்டது. காயம் வருமுன்னரே எலும்புக்குப் பழக்கம் கொடுப்பதன் மதிப்பை அது காட்டியது.

நடைமுறையில் இந்த முறை இப்படிப் போகிறது. முதலில் அரை மணி நேரம் வலியின்றி வேகமாக நடக்க வேண்டும். அடுத்து ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என மாற்றி மாற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்ய வேண்டும். பிறகு ஓட்டத்தின் பங்கை மெல்லக் கூட்ட வேண்டும். தூரம் முதலில், வேகம் பின்னர். பத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வலி போகக்கூடாது, மறுநாள் காலை எழுந்து நடக்கும்போது முந்தைய நாளைவிட வலி கூடியிருக்கக்கூடாது. கூடவே வாரத்தில் இரண்டு மூன்று நாள் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி, முதலில் இரண்டு காலாலும் பிறகு ஒற்றைக் காலாலும்.

இந்தத் தரப்பின் சான்றுகளும் எதிர்பார்க்கும் அளவுக்குத் திடமானவை அல்ல. 2012-இல் நெதர்லாந்தில் மோன் குழு உள்விளிம்பு வலியுள்ளவர்களை மூன்றாகப் பிரித்தது. ஒரு குழுவுக்குப் படிப்படியான ஓட்டம் மட்டும், மற்றொன்றுக்கு அதோடு நீட்டலும் வலுவூட்டலும், இன்னொன்றுக்கு அதோடு அழுத்தக் காலுறை. தொடர்ச்சியாக 18 நிமிடம் ஓடும் நிலைக்கு வர மூன்று குழுக்களுக்கும் ஏறத்தாழ மூன்று முதல் நான்கு மாதம் ஆனது. குழுக்களுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. சில வாரங்களில் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்தக் கால அளவை மனத்தில் இருத்துவது நல்லது.

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டக்கூடாது என்ற பெயர்பெற்ற விதியும் சோதனையில் தடுமாறியது. 2008-இல் 532 புதிய ஓட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வில் மெதுவாகக் கூட்டியவர்களில் 20.8 விழுக்காட்டினருக்கும், வழக்கமாகப் பயிற்சி செய்தவர்களில் 20.3 விழுக்காட்டினருக்கும் காயம் வந்தது. மெதுவாகக் கூட்டுவது வீண் என்று இதற்குப் பொருளில்லை. எல்லாருக்கும் பொருந்தும் ஒற்றை எண் இல்லை என்பதே இதிலிருந்து பெற வேண்டியது. சுமைத் தரப்பின் இன்னொரு பலவீனம், நுண்முறிவை உள்விளிம்பு வலி என்று தவறாக எண்ணி ஓடவைத்துவிடும் அபாயம். அந்தத் தவறு நடந்தால் வாரங்களில் ஆறியிருக்க வேண்டியது மாதங்களுக்கு இழுக்கும்.

கணுக்காலின் தனிக் கதை

கணுக்காலில் விடை ஓரளவு தெளிந்திருக்கிறது. 1965-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஃபிரீமனும் அவர் குழுவினரும் ஒரு புதிய கருத்தை முன்வைத்தார்கள். சுளுக்கில் லிகமென்ட் மட்டும் அடிபடுவதில்லை, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மழுங்குகிறது, அதனால்தான் கால் திரும்பத் திரும்ப மடங்குகிறது என்றார்கள். ஆடும் பலகையில் நின்று சமநிலை பழகுவது அந்தக் கருத்திலிருந்து வந்த மருந்து.

முதல் சுளுக்குக்குப் பின் ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குக் கணுக்கால் நிலையற்றுப்போவதாக 2016-இல் அயர்லாந்து ஆய்வு ஒன்று கண்டது. சுளுக்கைச் சின்ன விஷயமாகக் கருதும் பழக்கத்துக்கு இந்த எண்ணே பதில். 2009-இல் நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஆய்வு, வீட்டிலேயே எட்டு வாரம் செய்யும் சமநிலைப் பயிற்சியைச் சோதித்தது. பயிற்சி செய்தவர்களில் 22 விழுக்காட்டினருக்கும் செய்யாதவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் மறுசுளுக்கு வந்தது. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, பிறகு கண்ணை மூடி நிற்பது, பிறகு மடித்த போர்வைமேல் நிற்பது எனத் தொடங்கலாம். பத்துப் பேர் தங்கும் அறையிலும் இதற்கு இடம் போதும்.

இங்கும் ஓய்வுத் தரப்பு முழுதாகத் தோற்றுவிடவில்லை. கடுமையான சுளுக்குள்ளவர்களுக்குப் பத்து நாள் முழங்காலுக்குக் கீழ் கட்டுப் போட்டபோது, வெறும் நெகிழ்துணிக் கட்டைவிட மூன்றாம் மாத முடிவில் நல்ல பலன் இருந்ததாக 2009-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு சொன்னது. ஒன்பதாம் மாதத்தில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. குறுகிய காலம் அசையாமல் வைக்கும் கட்டு, அதன்பின் சுறுசுறுப்பான பயிற்சி என்ற கலவை கடும் சுளுக்குக்குப் பொருந்தக்கூடும். அடிபட்ட உடனே நான்கு அடிகூட வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் முட்டு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே அவசியம் என்பது 1992-இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுக்கப்பட்ட விதிகளின் சாரம். அந்த விதிகள் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன.

ஷூவும் கருவிகளும்

காயம் வந்ததும் பலரும் முதலில் மாற்றுவது ஷூவை. பாத வடிவத்துக்கு ஏற்ற ஷூ காயத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கையை அமெரிக்கப் படைப்பிரிவுகளில் 2009, 2010-இல் வெளியான பெரிய ஆய்வுகள் சோதித்தன. பாத வடிவம் பார்த்துக் கொடுத்த ஷூ காயத்தைக் குறைக்கவில்லை. 2010-இல் லீபர்மன் குழுவின் ஆய்வு வெறுங்கால் ஓட்டத்தின்மேல் ஆர்வத்தைத் தூண்டியது. திடீரென்று மெல்லிய ஷூவுக்கு மாறிய சிலருக்குப் பாத எலும்பில் அழுத்தக் காயங்கள் வந்ததாகப் பின்னர் பதிவானது. சிறு வயதிலிருந்து பள்ளி மைதானத்தில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவருக்கு அது இயல்பு. பழகாதவருக்கு அது புதிய சுமை. மாற்றத்தின் வேகமே ஷூவின் வகையைவிட முக்கியம் என்று கொள்வது பாதுகாப்பானது.

அதிர்வு தாங்கும் இன்சோல் படைவீரர்களிடம் சிறு பலன் தந்திருக்கலாம். அதற்கான சான்று வலுவானதல்ல. ஓட்ட நடையை மாற்றிப் பழக்குவதில் பிரிட்டன் ராணுவத்தில் நம்பிக்கை தரும் முடிவு கிடைத்தது. அதிர்வலைச் சிகிச்சை பற்றிய ஆரம்ப ஆய்வுகள் நல்ல பலன் சொன்னாலும், போலி அலையோடு ஒப்பிட்ட 2017-ஆம் ஆண்டுச் சிறிய ஆய்வு வேறுபாடு காணவில்லை. மாதச் சம்பளத்தில் பெரும் பங்கை ஒரு கருவிக்குச் செலவிடுமுன் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

நீவி விடுதலும் கட்டும்

தமிழ்நாட்டில் சுளுக்குக்கு முதல் மருத்துவர் பெரும்பாலும் வீட்டுப் பெரியவரோ ஊரில் சுளுக்கு எடுப்பவரோதான். நல்லெண்ணெய் தடவி நீவுதல், உப்பும் புளியும் குழைத்துக் காய்ச்சிப் போடும் பற்று, மூசாம்பரப் பற்று, சூடான ஒத்தடம் ஆகியவை பரவலாக உள்ளன. முறிவு என்றால் புத்தூர் கட்டு நினைவுக்கு வரும். சித்த மருத்துவத்தில் வர்ம முறைகளுக்குத் தனி மரபு உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இத்தொழிற்பட்டையிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

இந்த முறைகளின் பலம், வலியைத் தணிப்பதும் நோயாளியைத் தொட்டுக் கவனிப்பதும். பற்றும் கட்டும் மூட்டை அசையாமல் வைப்பதால் முதல் சில நாளுக்கு அவை ஓய்வுத் தரப்பின் பணியையே செய்கின்றன. பலவீனம் இரண்டு இடத்தில் உள்ளது. புதிதாகக் கிழிந்த லிகமென்டையும் நுண்முறிவு உள்ள எலும்பையும் அழுத்தி நீவினாலோ வெடுக்கென்று இழுத்தாலோ சேதம் கூடலாம். வலி போனதும் மருத்துவம் முடிந்தது என்று எண்ணுவதால் சமநிலைப் பயிற்சி நடப்பதே இல்லை. முறிவு இல்லை என்று உறுதியானபின் செய்யும் மென்மையான தடவலில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அது பயிற்சிக்கு மாற்றாகாது.

எலும்பின் உள்வலிமை

ஒரே கிரவுண்டில் ஒரே ரவுண்டு ஓடும் இருவரில் ஒருவருக்கு மட்டும் காயம் வருவதை உணவும் உடல்நிலையும் ஓரளவு விளக்குகின்றன. 2008-இல் 5,201 அமெரிக்கக் கடற்படைப் பெண் பயிற்சியாளர்களிடம் நடந்த ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டி-யும் பெற்றவர்களுக்கு நுண்முறிவு 20 விழுக்காடு குறைவாக வந்தது. வெயில் கொளுத்தும் தென்னிந்தியாவிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பகல் முழுதும் கூரைக்குக் கீழே வேலை, இரவு ஷிஃப்ட் என்றால் பகலில் உறக்கம் என்றிருப்பவருக்கு வெயில் படும் நேரம் மிகக் குறைவு.

செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாமல் போவதும் எலும்பைப் பாதிக்கும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். விடுதி உணவும் ஷிஃப்ட் நேரமும் ஒத்துவராமல் காலை உணவைத் தவிர்த்துவிட்டு ஓடும் பெண்ணுக்குக் கணைக்கால் வலி நீடித்தால், காலை மட்டும் பார்ப்பது அரைகுறை மருத்துவமே.

ஷிஃப்டும் ஓட்டமும் சேர்ந்த கணக்கு

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை படைவீரர்கள், கல்லூரி வீரர்கள், மேலைநாட்டுப் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்கள் ஆகியோரை வைத்து நடந்தவை. லைனில் நின்று வேலை செய்துவிட்டு ஓடும் தொழிலாளி இவற்றில் நேரடியாக இடம்பெறவில்லை. அவருக்கு மிக அருகில் வருபவர் படைப் பயிற்சியாளர்தான். அவரும் கனத்த பூட்ஸ் போட்டு நாள் முழுதும் காலில் நிற்கிறார், குறைவாகத் தூங்குகிறார், அதோடு ஓடவும் செய்கிறார். 2012-இல் வெளியான இந்தியப் படை ஆய்வு ஒன்று, பயிற்சியாளர்களில் சுமார் 7 விழுக்காட்டினருக்கு நுண்முறிவு வந்ததாகக் கூறியது.

இஸ்ரேலிய ராணுவத்தின் 25 ஆண்டு அனுபவத்தை 2008-இல் ஃபினஸ்டோனும் மில்க்ரோமும் தொகுத்தார்கள். மொத்த நடைத் தூரத்தைக் குறைத்ததும் குறைந்தபட்ச உறக்கத்தைக் கட்டாயமாக்கியதும் சேர்ந்து நுண்முறிவைப் பாதிக்கு மேல் குறைத்ததாக அவர்கள் எழுதினார்கள். இத்தொழிற்பட்டையில் ஓடுபவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு இதுவே. காலின் கணக்கில் ஷிஃப்ட், ஓ.டி., கம்பெனி பஸ் நிறுத்தத்துக்கு நடை, ஓட்டம், தூக்கம் எல்லாம் ஒரே பேரேட்டில் எழுதப்படுகின்றன. பயிற்சியாளர் கொடுக்கும் அட்டவணையில் ஓட்டம் மட்டுமே இருக்கிறது.

இதிலிருந்து சில எச்சரிக்கையான முடிவுகளுக்கு வரலாம். இரவு ஷிஃப்ட் முடித்து நேராகக் கிரவுண்டுக்குப் போவதைவிட, தூங்கி எழுந்து மாலையில் ஓடுவது நல்லது. ஷிஃப்ட் மாறும் வாரத்தில் தூரத்தைக் கூட்டாமல் இருப்பது நல்லது. ஓ.டி. பார்த்த நாளில் வேக ஓட்டத்தைத் தள்ளிவைக்கலாம். விறைத்த சேஃப்டி ஷூவோடு ஓடக்கூடாது. சிப்காட் உள்சாலைகளின் ஓரம் வடிகாலை நோக்கிச் சாய்ந்திருப்பதால், ஒரே ஓரமாக ஓடினால் ஒரு கணுக்கால் எப்போதும் மடங்கிய நிலையிலேயே தரையைத் தொடும். ஏரிக்கரை மண் மென்மையாக இருக்கும், ஆனால் மேடுபள்ளம் அதிகம். கணுக்கால் நிலையற்றவர் சமநிலை திரும்பும்வரை அங்கே ஓடாமல் இருப்பது நல்லது.

வேலையிடத்துக்கும் இதில் பங்கு உண்டு. நின்றே வேலை செய்வோர் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர வசதி இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 44-ஆம் பிரிவில் சொன்னது. நுண்முறிவு உள்ளவருக்குச் சில வாரம் அமர்ந்து செய்யும் பணி தருவது ஓட்டத்தை நிறுத்துவதற்கு இணையான மருந்து. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெற்று இஎஸ்ஐ காப்பீட்டில் உள்ள தொழிலாளிக்கு, உரிய பங்களிப்புக் காலம் நிறைந்திருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்ப்படியாகக் கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். வலியை மறைத்துக்கொண்டு லைனில் நிற்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மதிப்பீடு

ஓய்வா, ஓட்டமா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை, காயத்தைப் பொறுத்து விடை மாறுகிறது. நுண்முறிவுக்கு ஓய்வு முதலில், ஓட்டம் பின்னர். உள்விளிம்பு வலிக்குச் சுமையைக் குறைத்தல், பிறகு படிப்படியாகக் கூட்டுதல், கூடவே மாதக்கணக்கில் பொறுமை. சுளுக்குக்குச் சில நாள் பாதுகாப்பு, அதன்பின் சமநிலைப் பயிற்சி. தசையறை அழுத்தத்துக்கு மருத்துவர் ஆலோசனை, சிலருக்கு அறுவை சிகிச்சை. இந்த அளவுக்குச் சான்றுகள் ஒத்துவருகின்றன.

தீராத கேள்விகளும் உண்டு. உள்விளிம்பு வலி எவருக்கு நுண்முறிவாக முற்றும் என்று முன்கூட்டியே சொல்ல நம்பகமான வழி இல்லை. எவ்வளவு வலியோடு ஓடலாம் என்ற எல்லை பெரும்பாலும் தசைநாண் காயங்களின் ஆய்வுகளிலிருந்து கடன் வாங்கப்பட்டது, எலும்புக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பது முடிவாகவில்லை. எட்டு மணி நேர நிற்பு எத்தனை கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம் என்பதும் அளந்து சொல்லப்படாத ஒன்று. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் ஒரே வகைத் தளத்தில், ஒரே ஷிஃப்ட் முறையில் வேலை செய்யும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போன்ற இடங்களே அதை அளக்கத் தகுந்த களம். மருத்துவக் கல்லூரிகளும் தொழிற்சாலை மருத்துவ மையங்களும் சேர்ந்து அந்தப் பணியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதுவரை ஓடுபவர்கள் கையாளக்கூடிய நடைமுறை இதுதான். ஓட்டத்தோடு நின்ற நேரத்தையும் தூங்கிய நேரத்தையும் சேர்த்துக் குறித்துவைக்க வேண்டும். ஒரு புள்ளியில் குவிந்த வலியோ, இரவில் எழுப்பும் வலியோ, இரண்டு வாரம் சுமையைக் குறைத்தும் தணியாத வலியோ இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தேர்வுத் தேதியை அடுத்த அறிவிப்பில் பிடிக்கலாம். முழுதாக முறிந்த கணைக்கால் எலும்பு அதைவிட நீண்ட காலத்தைப் பறித்துக்கொள்ளும்.